சுமித்ராவின் அடீனியம்

“ஜும்ஆ தொழுகை முடிஞ்ச கையோட வாறன். எங்க அந்தச் செடி?”

மாவனல்லையில் பூச்செடிக் கடை வைத்திருக்கும் இக்ராம் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“இந்தப் பக்கம் வாங்க நானா,” என்றாள் தங்கம்மா. “செடிக்கு வைத்தியரக் கூட்டியாரேன்னு தோட்டமே சிரிக்குது.”

ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டு வாசலில் அடீனியம் நின்றது. அடி பருத்து, முழங்கால் உயரத்தில், கிளைக்கு மேல் கிளையாக. மேலே ஒரு பொலித்தீன் கூரை. ரப்பர் மரத்துக்கு மழை படாமல் கட்டும் அதே பொலித்தீன். கட்டியவன் தங்கம்மாவின் மருமகன் யோகராஜ். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். இப்போது சுவரில் சாய்ந்து நின்றான்.

“ஆபிரிக்காப் பக்கத்துச் செடி இது. நம்மட மழைக்கு அடி அழுகிப் போகும். இது கல்லு மாதிரி ஈக்கி. யார் பாக்குற?”

“இவருதான். மணலும் கரியும் கலந்து வச்சாரு. தண்ணியக்கூட அளந்துதான் ஊத்துவாரு. இந்தக் கவனத்த எம் மக மேல வச்சிருந்தா அவ ஓமானுக்கே போயிருக்க மாட்டா.”

யோகராஜ் லேசாகச் சிரித்தான்.

சுமித்ரா லீவில் வந்தபோது உடுப்புக்குள் சுருட்டிக் கொண்டுவந்த கன்று அது. நட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். பூத்த அன்றே டிக்கெட் போடுவேன் என்றாள். அதன்பின் இரண்டு முறை ஒப்பந்தத்தை நீட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு. பின்னேரம் கூப்பிடுவாள். முதலில் செடியைத்தான் விசாரிப்பாள்.

“ஆடு கடிக்கிதா?”

“நஞ்சுப் பாலு நானா. ஆடு மோந்து பாத்துட்டு ஓடிரும்.”

“வெயில்?”

“மழை விட்டா பகல் பூரா இங்கதான்.”

“அப்ப பூக்கத்தான் வேணும். எனக்கு வெளங்கல்லயே.”

“எனக்கு அவ வரணும் நானா. ஒரே ஒரு பூ போதும். என்ன உரம்னாலும் சொல்லுங்க, வாங்கிப் போடுறோம். இருங்க, பிளேன்டீ ஊத்தியாரேன்.”

தங்கம்மா உள்ளே போனாள்.

இக்ராம் குந்தி உட்கார்ந்து கிளைகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். ஒரு நுனியில் விரல் ஒட்டியது. வெள்ளையாக ஒரு சொட்டு. இன்னும் காயவில்லை. நுனியை யாரோ சீவியிருந்தார்கள். இடமிருந்து வலமாகச் சரிந்த வெட்டு, ஒரே இழுப்பில். மற்றக் கிளைகளிலும் அதே சரிவு, காய்ந்து தழும்பாகி இருந்தது. ஒவ்வொரு தழும்புக்குக் கீழேயும் இரண்டு புதுக் கிளைகள்.

அவர் தலையைத் தூக்கினார். கதவோரம் ஆணியில் பால் வெட்டும் கத்தி தொங்கியது.

“யோகராஜ், இதுல மொட்டு வந்தீக்கே.”

“மெதுவா பேசுங்க நானா.”

“பொஞ்சாதி வாறது ஒனக்குப் புடிக்கல்லயா?”

யோகராஜ் கதவைப் பார்த்துக்கொண்டான்.

“அத்தை பலாங்கொடைக்குப் போயிருந்தப்ப ஒருக்கா பூத்துச்சு. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அதுக்கப்புறம் போன் கோல் இல்ல. தீபாவளிக்கும் இல்ல, பொங்கலுக்கும் இல்ல. கடைசியில, அது வேற வீட்டுச் செடி, சும்மா வெளையாட்டுக்கு அனுப்பினேன், நம்மது இன்னும் பூக்கலன்னு மெசேஜ் போட்டேன். அந்த வெள்ளியே கூப்பிட்டா.”

இக்ராம் விரலில் இருந்த பாலைத் துணியில் துடைத்தார்.

போன் அடித்தது. தங்கம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். யோகராஜ் ஸ்பீக்கரைப் போட்டான்.

“என்னங்க, செடி பூத்துச்சா?”