முந்தக் கூடாத ஓட்டம்

“இந்த மண் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களுடையது. அவர்களுடைய மண்ணை மதித்து ஓடுவோம்” என்று பந்தயத்தை நடத்தும் லைல் மேடையில் வாசித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். விடியலில் பந்தயம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் வாக்கி டாக்கி கரகரத்தது.

“சார், ஒரு சின்னப் பொண்ணு பாதை நடுவுல ஓடுது. நம்பர் இல்ல. ஒரு கூட்டமே சத்தம் போட்டுக்கிட்டு பின்னாடி வருது. அவளை யாரும் முந்தக் கூடாதாம்.”

லைல் ஒரு கணம் தயங்கினான்.

“ஓரமா நிறுத்திட்டு நம்ம ஆளுங்களை விடு.”

பந்தயம் முடிந்ததும் ஒருத்தி நேராக அவனிடம் வந்தாள்.

“நிறுத்தச் சொன்னது நீதானா?”

“சடங்குன்னு தெரியாம...”

“தெரியாதா? நான் வயசுக்கு வந்தப்ப இதே பாதையில எனக்குப் பின்னால ஓடுனவன்தானே நீ? என் பொண்ணுக்கும் ஓட்டம் இருக்கு, தாய்மாமன் வரணும்னு மூணு தடவை போன் பண்ணேன். ‘பந்தயம் இருக்கு’ன்னு வச்சிட்ட. இன்னிக்கு இருநூறு பேர் அவளைத் தாண்டிப் போயிட்டாங்க.”

லைல் மேடையில் வாசித்த தாளை மடித்தான்.

“மேடையில ‘அவர்களுடைய மண்’ணுன்னு வாசிச்சியாமே. யாருண்ணா அந்த அவங்க?”