சுத்தமான ரத்தம்

"ஒரு வாய் தண்ணியாவது குடிச்சுட்டுப் போம்மா. இந்த வெயில்ல வந்திருக்கே."

வீட்டுக்காரி நீட்டிய டம்ளரை நர்ஸ் தொடக்கூட இல்லை.

"வேண்டாம்க்கா. பாட்டில் கொண்டுவந்திருக்கேன்."

தெருக்கோடியில், ஒட்டாத 'நான்-ஸ்டிக்' பாத்திரங்களுக்குப் பூச்சு பூசும் ஆலை. அதன் கழிவு நிலத்தடி நீரில் கலந்திருந்தது. அந்த ரசாயனம் ரத்தத்தில் ஏறினால் லேசில் இறங்காது. வருஷக்கணக்கில் சட்டமாய் உட்கார்ந்துவிடும். யார் உடம்பில் எவ்வளவு என்று பார்க்கத்தான் அவள் ஊசியும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். நாலு மாச வயிற்றோடு அந்தத் தண்ணீரையா குடிப்பாள்?

"உன் ரத்தத்தையும் எடுத்தாங்களாமே?" குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே கேட்டாள் வீட்டுக்காரி.

"ஒப்பிட்டுப் பார்க்க சுத்தமான ரத்தம் வேணும்ல? நான் இந்தப் பக்கமே குடியிருந்ததில்லையே, அதான்."

குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

அவள் படியிறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரி காதுபடவே சொன்னாள்: "ரொம்பத்தான்! நம்ம வீட்டுத் தண்ணி மகாராணி தொண்டையில இறங்காதாமா?"

முடிவுகள் வந்தன. ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு அதே வாசலுக்கு வந்தாள்.

"தாய்ப்பால் தாராளமா குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார்க்கா. ஆனா உங்க ரத்தத்துல அளவு ஜாஸ்திதான். விடாம செக் பண்ணிக்கணும்."

வீட்டுக்காரிக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"உன்னோடதைவிட எவ்வளவும்மா ஜாஸ்தி?"

நர்ஸ் முடிவுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"என்னோடதுதான்க்கா ஜாஸ்தி. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை. சமைக்கிற சட்டியா, அதே பூச்சு பூசின மழைக்கோட்டா, எங்க தெருத் தண்ணியா... வயித்துல இருக்கறதுக்கு என்ன ஆகுமோன்னு ஈரக்குலையே நடுங்குது."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரி உள்ளே ஓடி டம்ளரோடு வந்தாள். நர்ஸ் இந்தத் தடவை கை நீட்டி வாங்கினாள்.

"குடுங்கக்கா. இனிமே எந்தத் தண்ணியா இருந்தா எனக்கென்ன."

"நல்ல தண்ணிதான், பயப்படாமக் குடி. குழந்தைக்குன்னு வாங்கற கேன் தண்ணி, நாங்க தொடறதில்லை. வாயும் வயிறுமா இருக்கியேன்னு அன்னைக்கும் உனக்கு இதைத்தாம்மா ஊத்திக் குடுத்தேன்."