உள்ளான் சம்மதித்த படம்

பறவை சம்மதித்தால்தான் கேமராவில் பச்சை விளக்கு எரியும். தூத்துக்குடி உப்பளச் சேற்றில் விடிந்ததிலிருந்து குப்புறக் கிடந்த லாசருக்கு, ஒருவழியாக ஓர் உள்ளான் குருவி தலையைத் தூக்கிப் பார்த்துச் சம்மதம் தந்தது. எடுத்த படத்தை, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளட்டும் என்று வழக்கம்போல் இணையத்தில் போட்டான். உடனே திரும்பி வந்துவிட்டது: ‘படத்தில் உள்ள இன்னொருவர் சம்மதிக்கவில்லை.’

பெரிதாக்கிப் பார்த்தான். உள்ளானுக்குப் பின்னால், வரப்பில், அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்த மனைவி பிரகாசி வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஓடினான். “ஏட்டி, சரின்னு ஒரு வார்த்த சொல்லு. உலகமே பாக்கப்போற படம்.”

பிரகாசி மீன் அலசுவதை நிறுத்தவில்லை. “அந்தக் குருவிட்ட எப்படிக் கேட்டிய?”

“அசையாம படுத்துக் கெடந்து.”

“எங்கிட்ட மட்டும் நின்னுக்கிட்டே கேக்கிய.”

லாசர் கொஞ்சம் யோசித்தான். பிறகு கேமராவோடு அடுப்படித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டான். குழம்பு கொதித்து இறங்கும்வரை அசையவில்லை. அவனைத் தாண்டித் தாண்டி நடந்த பிரகாசிக்குக் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது. அந்தச் சிரிப்பைப் படம் எடுத்துவிட்டான்.

“கொட்டாவிப் படத்த ஊருக்குக் குடுத்துக்கிடுங்க” என்றாள். “இதச் சும்மா தூக்கிக் குடுத்துராதிய.”