பதின்மூன்றாவது கோர்

இயக்கும் நிரலின் புதிய பதிப்பை ஏற்றிய நாளிலிருந்து அந்த லேப்டாப் தூங்கவில்லை. மூடியைச் சாத்தினால் ப்ராசஸரின் மூளைகளான கோர்களில் பெரியவை நான்கும் சிறியவை எட்டும் அடங்கிவிட வேண்டும். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று விழித்திருந்து பேட்டரியைத் தின்றது. நிரலைக் கடைசியாகத் திருத்தியவன், அதே நிறுவனத்தில் அவளோடு வேலை பார்க்கும் கணவன். தப்பு அவனுடையது என்றால் வேலை போய்விடும். கண்டுபிடிக்கும் பொறுப்போ அவள் தலையில் விழுந்தது.

"கட்டின புருஷன் மேலயே சந்தேகமா?" என்றான்.

"வேற யார் மேல படறது? நீதானே கடைசியா கை வெச்சே."

அவன் செய்த திருத்தங்களை நீக்கினாள். லேப்டாப்பை மூடிவிட்டு, அதோடு இணைத்திருந்த பக்கத்துக் கணினியில் பார்த்தாள். பன்னிரண்டு கோர்களும் தூங்கின. பதின்மூன்றாவது ஒன்று விழித்திருந்தது.

"இந்தச் சிப்புல பதிமூணாவதே கிடையாதே!"

"அப்ப என் தப்பு இல்லைல்ல? விட்டுடு."

அவள் விடவில்லை. மூடியைத் திறந்தாள். திரை வழக்கம்போல் ஒளிர்ந்தது. கர்சர் அவள் விரலோடு நகர்ந்தது. பக்கத்துக் கணினியில் பார்த்தால், லேப்டாப்பின் பன்னிரண்டு கோர்களும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தன.

விரலை எடுத்தாள். கர்சர் நிற்கவில்லை.

திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் துளி ஆச்சரியம்கூட இல்லை.

"பயப்படாத," என்றான். "அது ஒண்ணும் பண்ணாது."