எதிர்க்கடை பெஞ்சு

டாக்டர் ஏசுதாசன் டார்ச்சை அணைத்தார். முத்துராஜா வேட்டியைச் சரியாகக் கட்டினான்.

முன்தோல் சிவந்து வீங்கி, நுனியில் கீறல் கீறலாக வெடித்திருந்தது. ஒரு மாதம் மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தான்.

வைத்தியத்துக்கு என்று சொல்ல முடியாது. சாட்சிக்கு வந்திருந்தான்.

"சார், இது சம்சாரத்துகிட்டருந்துதான் ஒட்டுச்சுன்னு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க."

அந்தச் சீட்டோடு மார்க்கையன்கோட்டை மாமனார் வீட்டுக்குப் போய், ஹேமாவதியை அங்கேயே விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. சின்னமனூரில் அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்காரன் சுரேஷ்கண்ணன் அவளை 'ஹேமா' என்று பாதிப் பெயரில் கூப்பிடுகிறான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இவனே அப்படிக் கூப்பிட்டதில்லை.

டாக்டர் எதுவும் எழுதவில்லை. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். மெஷின் 386 என்றது.

"இது யாரும் குடுத்ததில்லப்பா. ஒனக்கு சுகர். அது ஏறுனா அங்கன பூஞ்சை பிடிக்கும். நாளைக்கு எத்தன டீ குடிப்ப?"

முத்துராஜா மனதுக்குள் எண்ணினான்.

சுரேஷ்கண்ணன் ஷட்டரைத் தூக்கும்போது ஒன்று. ஹேமாவதி வண்டியை நிறுத்தும்போது ஒன்று. அவள் சிரித்தால் ஒன்று. சிரிக்காவிட்டால், ஏன் சிரிக்கவில்லை என்று யோசிக்க ஒன்று. அவளை வேவு பார்க்க எதிர்க்கடை பேக்கரி பெஞ்சில் நாலு மாதமாகச் சும்மா உட்கார முடியுமா? அந்த டீ வேறு சப்பென்று இருந்து தொலைக்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் கூடவே ஒரு தேன்மிட்டாய்.

"ரெண்டு சார்" என்றான்.

களிம்பையும் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு நேராக அந்தப் பெஞ்சுக்குத்தான் போனான். பெண்டாட்டி மேல் குற்றமில்லை என்றாகிவிட்டது. நாலு மாத உழைப்பு வீணாய்ப் போன வருத்தம் அவனுக்கு.

"கிறிஸ்டோபரு, சீனி இல்லாம ஒண்ணு."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் திரும்பவில்லை.

"நாலு மாசமாவே ஒங்களுக்கு அரைச் சீனிதாண்ணே. மொத நாளே மதினி வந்து சொல்லிட்டுப் போனாக. ஒங்கப்பாவுக்கும் சுகராமே."

முத்துராஜா தம்ளரை வாங்கினான். எதிரே ஜெராக்ஸ் கடையைப் பார்த்தான். அப்படியானால் ஹேமாவதி முதல் நாளே கிறிஸ்டோபரிடம் வந்து பேசியிருக்கிறாள்.

பிறகு காலைத் தூக்கிப் பெஞ்சின் இந்தப் பக்கம் போட்டு, கிறிஸ்டோபரைப் பார்க்கத் தோதாகத் திரும்பி உட்கார்ந்தான்.