குழந்தை பக்கம்

"கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணாச்சி."

பொன்செல்வி இப்படிச் சொன்னதும் தாராவியின் அந்த மாடிப் பட்டறையில் சால்டர் வைத்துக்கொண்டிருந்த ஆறு பேரும் கையை நிறுத்தினார்கள். முதலாளி வானமாமலையிடம் 'மாட்டேன்' என்று அங்கே யாரும் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

மேஜைமேல் இருநூறு பவர் சப்ளைகள் அடுக்கியிருந்தன. காமாலையோடு பிறக்கும் குழந்தைகளை நீல வெளிச்சத்தில் படுக்க வைப்பார்களே, அந்த விளக்குக்கானவை. நாலு மணிக்கு டெம்போ வருகிறது. டிப்ளமோ படித்த ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் வாங்குகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அங்கே டிப்ளமோ படித்தவள் அவள் ஒருத்திதான்.

போர்டின் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதற்கு இந்தப் பக்கம் சுவரிலிருந்து வரும் கரண்ட், அந்தப் பக்கம் குழந்தை. 'செகண்டரி' என்று படித்திருந்தாலும் பொன்செல்வி அதைக் குழந்தை பக்கம் என்றுதான் சொல்வாள்.

குழந்தை பக்கத்தில் இரண்டு கெபாசிட்டர்கள். நொடிக்கு லட்சம் தடவை துள்ளித் துள்ளி வருகிற கரண்ட்டை வாங்கி, சாதுவாக்கி, விளக்குக்கு அனுப்புவது அவற்றின் வேலை. அந்த வேலையில் சூடேறும். மட்டமானதைப் போட்டால் சில மாதங்களிலேயே உப்பிப்போகும், விளக்கு அணைந்துபோகும். அதனால் நூற்றைந்து டிகிரி தாங்குகிற நல்ல ரகமாகப் பார்த்து, மூன்று நாள் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்திருந்தாள்.

குர்லாவிலிருந்து அண்ணாச்சி இறக்கிய கெபாசிட்டர் பெட்டியிலும் நூற்றைந்து டிகிரி என்றுதான் அச்சடித்திருந்தது.

"மீட்டர் சரியாத்தான காட்டுது? பொறவு என்ன பிள்ள?"

குளிர்ந்து கிடக்கும்போது மீட்டர் எல்லாவற்றையும் நல்லது என்றுதான் சொல்லும். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு பவர் சப்ளையை அவள் அவர் முன்னால் நகர்த்தினாள். அண்ணாச்சி கெபாசிட்டரைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று விரலை எடுத்தார். எடுத்தவர், பம்பாய் வெயில் அப்படி என்றார்.

பொன்செல்வி சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு கெபாசிட்டரை எடுத்து, அதன் பிளாஸ்டிக் உறையைப் பிளேடால் கீறி உரித்தாள். உள்ளே அலுமினியம் கீறல் விழுந்து மங்கிக் கிடந்தது. பக்கவாட்டில் பழைய பசை. காயலான் கடைக்கு வந்த டிவியிலிருந்து பிடுங்கிய கிழட்டுச் சரக்கு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது.

உரித்துப் பார்க்கும் முன்னாலேயே இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அண்ணாச்சி கேட்டார்.

அதற்கு மட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

இந்த ஒரு தடவை போடு, அடுத்த முறை நல்லதாக வாங்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தார். அப்புறம் குரலை உயர்த்தினார். போடாவிட்டால் நாளைக்கு இந்த ஏணியில் ஏற வேண்டாம்.

பொன்செல்வி பேனாவை எடுத்தாள். அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. சோதனைத் தாளில் 'ரிஜெக்ட்' என்று பெரிதாக எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள். தாளையும் குர்லாப் பெட்டியையும் உரித்த கெபாசிட்டரையும் சேர்த்துப் படமெடுத்து, வாங்குகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். இனி அந்தப் பெட்டிச் சரக்கு போட்ட எதையும் அவர்கள் எந்தப் பட்டறையிலிருந்தும் வாங்க மாட்டார்கள்.

இரும்பு ஏணியில் இறங்கினாள். பயம் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு படி கூடுதலாக இருந்தது. யாரும் கூப்பிட்டுத் தடுத்துவிடக் கூடாதே என்று வேகமாக நடந்தாள்.

வீடு இரண்டு சந்து தள்ளி.

அம்மா அன்னத்தாய் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் குர்லாக்காரன் போட்டுவிட்டுப் போன சாக்கிலிருந்து கொட்டிய பழைய கெபாசிட்டர்கள். மறு பக்கம், நூற்றைந்து டிகிரி என்று அச்சடித்த புது உறைகள். ஒவ்வொன்றாக மாட்டி, சூடான காற்று ஊதும் மெஷினைப் பிடித்து, ஒட்டிச் சுருங்க வைத்துக்கொண்டிருந்தாள். பொன்செல்வி டிப்ளமோ முடிக்கும்வரை இரண்டு பேருமாக உட்கார்ந்து செய்த வேலை.

"என்னட்டி, வெள்ளனமே வந்துட்ட?"

பொன்செல்வி சுவரிலிருந்து அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"நாளைலருந்து வேல இல்லம்மா."

"ஒனக்கா?"

"நம்ம ரெண்டு பேருக்கும்."