மங்கலச் சொல்

"கறுப்பு ஆட்டுக்கு நம்மாளு வச்சிருக்க பேரு என்ன?"

"வெள்ளாடு, டீச்சர்!" வகுப்பே சிரித்தது.

பேச்சித்தாய் டீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் ‘மங்கலம்’ என்ற தலைப்புக்குக் கீழே அதையும் எழுதினாள். "நல்லா இல்லாத ஒண்ண நல்ல சொல்லால சொல்லுததுக்குப் பேருதான் மங்கலம். கதையில வந்தாலும் சரி, வீட்டுல பேசினாலும் சரி."

வெங்காயச் சரக்கோடு கொழும்புக்குத் தோணியேறிய அவள் கணவர் வெள்ளத்துரை போன வாரம் புயலில் சிக்கினார்; அதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கூடப் போனவர்களில் இரண்டு பேர் மணப்பாட்டில் உயிரோடு கரையேறிவிட்டதாக நேற்றுத்தான் சேதி வந்தது. மற்றவர்களைத் தேடி இன்னொரு தோணி போயிருந்தது.

லீவு போடச் சொன்னார்கள். வீட்டில் இருந்தால் தெருவே கூடி உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கும். அதற்கு இந்த ஒன்பதாம் வகுப்பு எவ்வளவோ தேவலை என்று வந்துவிட்டாள். அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தாள்.

"சீனித்தாய், விளக்க அணைன்னு சொல்லக் கூடாது. வேற எப்படிளா சொல்லணும்?"

"குளிர வைன்னு சொல்லணும், டீச்சர்."

"தாலி அறுந்துட்டா?"

சீனித்தாய்க்கு விடை தெரியும். ஆனால் டீச்சரின் கழுத்தைப் பார்த்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

"தாலி பெருகிட்டுன்னு சொல்லணும். எழுதிக்கிடுங்க" என்றாள் டீச்சர், யார் வீட்டுத் தாலியையோ சொல்லுகிற மாதிரி.

அப்போதுதான் ஆயா ஜெபகனி ஓட்டமும் நடையுமாக வந்தாள். பின்னால், தேடப்போன தோணியை ஓட்டிப்போன தண்டல் செபாஸ்டின். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர்... அண்ணாச்சி கரை சேந்துட்டாவ."

வகுப்பில் படபடவென்று கைதட்டல். "கர்த்தர் கைவிடல டீச்சர்!" என்று ஜெபகனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி, "அப்பம் இன்னைக்கு லீவு விடுவாவளா?" என்று கேட்டேவிட்டாள்.

பேச்சித்தாய் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. "எங்கன இருக்காவ?"

"புன்னக்காயல்ல, டீச்சர். மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குக் கொண்டாந்துருதோம்." செபாஸ்டின் தரையைப் பார்த்தே சொன்னார்.

"சரி. நீங்க முன்னால போங்க. நான் வாரேன்."

அவர் போன பிறகும் கைதட்டல் ஓயவில்லை. விஷயம் தெரியாமலே பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். பேச்சித்தாய் கரும்பலகைப் பக்கம் திரும்பி, கடைசி வரிக்குக் கீழே ‘கரை சேர்ந்தார்’ என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம்கூடக் கோணவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"கை தட்டாதீய பிள்ளைகளா. தண்டல் சொன்னது மங்கலம்."